தேறாதவர்களின் எண்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். தரச் சோதனைப் பிரிவின் தலைவர் பதவிக்கு இனி மேலாண்மைப் பட்டம் வேண்டும். பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், ‘பொறுப்பு’ என்ற வாலோடு. பொறுப்புத் தலைவர். வேலை முழுசு, பெயர் அரை.

மேலாளர் கூப்பிட்டார். “உங்களுக்காக ஒரு வழி வச்சிருக்கேன் சார். ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள மாலைநேர மேலாண்மைக் கல்லூரியில இடம் கிடைச்ச கடிதம் கொண்டுவாங்க. படிச்சுக்கிட்டே பதவியில இருங்க. இல்லன்னா புதுசா எடுத்த பொண்ணு உட்காரும்.”

நுழைவுத் தேர்வு மே 4. வயது வரம்பு இல்லை என்பதையும் அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே. இந்தக் கிழவன் எங்கே எழுதப்போகிறான் என்ற சிரிப்பு.

எழுதுவேன். ஐம்பத்தாறு ஒரு வயதா?

பிப்ரவரி 12, புதன்

மனைவியிடம் சொன்னேன். “எழுதுங்க. முதல்ல கண்ணாடிய மாத்துங்க” என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழைய வினாத்தாள் ஒன்று வாங்கி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபத்தைந்து கேள்வி, இரண்டு மணி நேரம். போட்டது இருபத்தொன்பது. ஒன்று தவிர எல்லாம் சரி. ஆனால் இருபத்தொன்பதுதான்.

பத்தொன்பது வயதில் பெட்டி தூக்கச் சேர்ந்தவன் நான். மைக்ரோமீட்டர் பிடிக்க எவனும் சொல்லித்தரவில்லை. குப்பையில் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்துக் கற்றேன். நாற்பத்தொரு வயதில் தபால்வழிப் பட்டம் வாங்கினேன். யாரிடமும் போய் ஒரு வரி கேட்டதில்லை. இப்போது கேட்டால்தான் ஆகும் போலிருக்கிறது. ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். இதை எழுதவே கை கூசுகிறது.

சாப்பிடும்போது மகன் வழக்கம்போல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. பார்சல் கிடங்கில் ஊர்வாரியாகப் பெட்டி பிரிக்கிறான். “இந்தப் பரீட்சைய நீ எழுதியிருக்கணும். உனக்கு எதுலயும் ஒரு பிடிப்பு கிடையாது” என்றேன்.

“ம்” என்றான். எழுந்து போய்விட்டான்.

இவனா அவன்? சின்ன வயதில் கணக்கில் புலியாக இருந்தான். ஒரு கணக்கு முடியாமல் எழுந்திருக்க விட்டதில்லை நான். சோறு ஆறட்டும், விடை வரட்டும் என்பேன். அப்படி வளர்த்தேன். எங்கே விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, சனி

பெரிய வகுப்புக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். சுவர் முழுக்கத் தேறியவர்களின் படம்.

“பையனுக்கா, பொண்ணுக்கா சார்?” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

“எனக்கு.”

பளபளவென்று ஒரு தாள் கொடுத்தாள். நான் கேட்டேன்: “தேறினவங்க படம் இருக்கு. தேறாதவங்க எத்தனை பேர்? அவங்கள்ல நாலு பேரோட போன் நம்பர் கிடைக்குமா?”

“அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்.”

“நான் கேட்கிறேன்.”

முப்பத்தேழு வருடமாகச் செய்கிற வேலை இது. போல்ட் பெட்டியைத் திறந்தால் மேல் அடுக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நான் அடியில் கைவிட்டு எடுப்பேன். கம்பி விற்க வருகிறவன் காட்டும் நல்ல துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன். எவ்வளவு சரக்கு திரும்பி வந்தது, ஏன் வந்தது, அதை மட்டும் சொல் என்பேன். வகுப்புக்கு மட்டும் வேறு நியாயமா?

உள்ளிருந்து ஒருவர் வந்து என் தோளைத் தட்டி, “இந்த வயசுல இந்த ஆர்வம் பெரிய விஷயம் சார்” என்றார். வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

போனிலேயே படிக்கிற வகுப்பாம். ஒரே ஒருமுறை எண் கொடுத்தேன், ஒரே நாளில் ஒன்பது அழைப்பு. இன்றைக்கே சேர்ந்தால் சலுகை என்றான் ஒருவன். தேறாதவர்கள் எண்ணைக் கேட்டேன். அழைப்பு நின்றது. நல்ல மருந்து.

மார்ச் 1, சனி

இன்னும் இரண்டு இடம் பார்த்தாயிற்று. ஓரிடத்தில் “எங்ககிட்ட தேறாதவங்களே கிடையாது” என்றார்கள். இன்னோரிடத்தில் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்றவனிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அறுபத்து நாலு நாள்தான் இருக்கிறது. “துணி எடுக்கப் போனா அரை மணி நேரத்துல எடுத்துட்டு வர்ற மனுஷன், இதுக்கு மட்டும் இவ்வளவு நோண்டறீங்க” என்கிறாள் மனைவி. துணி சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். போன நாட்களை எவனிடம் கொடுத்து மாற்றுவது?

பயமாக இருக்கிறது. இங்கே மட்டும்தான் இதைச் சொல்வேன்.

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில், தையல் கடைக்கு மேலே ஒரு சின்னப் பலகை. இத்தனை வருடம் கண்ணில் பட்டதில்லை. படி ஏறினேன். ஒரு அறை, பதினைந்து நாற்காலி, கீழேயிருந்து தையல் இயந்திரச் சத்தம். நடத்துவது ஒரு டீச்சர், நாற்பது வயது இருக்கும். சுவரில் ஒரு படம்கூட இல்லை.

கேட்டேன். சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தேறாதவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், எதனால் போயிற்று என்ற குறிப்போடு. பழுதென்று கழித்ததைக் குறிக்கும் ரிஜெக்ட் புத்தகத்தை நான் எழுதுவதும் அப்படித்தான்.

“அவங்ககிட்ட கேட்டுட்டு, சம்மதிக்கறவங்க நம்பர் மட்டும் தர்றேன். பேர் தரமாட்டேன். உங்களப் பத்தி என்னன்னு சொல்லட்டும்?”

“போல்ட் கம்பெனி, சோதனைப் பிரிவு, ஐம்பத்தாறு வயசு, பிடிவாதக்காரன்னு சொல்லுங்க.”

அங்கேயே ஒரு மாதிரித் தேர்வும் எழுதினேன். முப்பத்தொன்று. “போட்டதெல்லாம் சரி சார். ஆனா தேற மாட்டீங்க” என்றார். “ஒன்பதாவது கேள்வியில பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருக்கீங்க. வரலன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும்.”

“விடறதா?”

“விடறதுதான் பாதிப் பரீட்சை.”

இது என்ன படிப்பு என்று தெரியவில்லை. சோதிக்காமல் ஒரு பெட்டியை நான் விட்டதுண்டா?

மார்ச் 8, சனி

டீச்சர் ஒரு தாளில் நாலு எண் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு இடைவேளையில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன்.

முதல் எண் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடித்து நேரே வகுப்புக்கு வந்து தூங்கிவிடுவாளாம். டீச்சர் எழுப்பவே இல்லை, போர்வை கொடுத்தார் என்றாள். இரண்டாவது ஆளுக்கு ஆங்கிலம் காலை வாரிவிட்டது. மூன்றாவது ஆள் சிரித்தே மாளவில்லை. “தோத்ததுக்காக எனக்கு வந்த முதல் போன் சார் இது. வச்சிடாதீங்க, பேசுங்க.”

மூவரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை.

நாலாவது எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினேன். பத்தாவது இலக்கம் தட்டியதும் திரையில் பெயர் வந்தது.

மகன்.

மார்ச் 8, மாலை

எப்ப எழுதினான்? எங்க உட்கார்ந்து படிச்சான்? ஞாயித்துக்கிழமை ஆனா சிநேகிதனப் பார்க்கப் போறேன்னு கிளம்புவானே, அதுவா? என்கிட்ட சொன்னா என்ன, கடிச்சா தின்னுடுவேன்?

மனைவியைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். “எனக்குத் தெரியும். தேறினா சொல்லிக்கலாம்னு இருந்தான். தேறல. அப்புறம் எப்படிச் சொல்றது? நீங்க தினமும் பிடிப்பில்ல பிடிப்பில்லன்னு ஓதிக்கிட்டிருக்கீங்க.”

இன்னொன்று. சம்மதித்தவர்கள் எண்ணைத்தான் தருவேன் என்றார் டீச்சர். போல்ட் கம்பெனி, சோதனைப் பிரிவு, ஐம்பத்தாறு வயசு, பிடிவாதக்காரன். இந்த ஊரில் அது எத்தனை பேர்? தெரிந்துதான் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரே வீட்டில் இருந்தோம். கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கொட்டகைக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் பெட்டிகள் விழும் சத்தம்.

“டீச்சர் நம்பர் கொடுத்தாங்க” என்றேன்.

“தெரியும். சொல்லுங்க.”

மற்ற மூவரிடம் கேட்டதையே கேட்டேன். “எத்தனை தடவை எழுதினீங்க?” பெற்ற மகனை ‘நீங்க’ என்கிறேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. மாற்றவும் முடியவில்லை.

“மூணு தடவை சார்.”

சார் என்றான்.

“எதனால போச்சு?”

“கணக்கெல்லாம் வரும் சார். ஒரு கேள்விய விட்டுட்டு அடுத்ததுக்குப் போகத்தான் வராது. வீட்ல அப்படி வளர்த்தாங்க.”

வெயில் முதுகில் அடித்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

“டீச்சர் எப்படி?”

“நல்லவங்க. தப்பு அவங்க மேல இல்ல. நீங்க சேரலாம்.” பெட்டி ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம். “சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டான்.

பெட்டிக்குள் கைவிட்டு அடியிலிருந்து எடுத்தேன். என் கையால் செய்த பழுது.

மார்ச் 11, செவ்வாய்

தையல் கடை மாடியில் சேர்ந்தேன். விண்ணப்பம் வாங்கக் கல்லூரிக்கும் போனேன். இரண்டு வாங்கினேன். ஒன்றை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

தட்டுக்குப் பக்கத்தில் அது இல்லை. குப்பைக் கூடையிலும் இல்லை. பார்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சமையலறை மேசையில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவில் கடிகாரத்தோடும் கரண்டியோடும் மனைவி. கேள்விக்கு ஒன்றரை நிமிடம். கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவாள், விட்டுவிட வேண்டும். “முப்பது வருஷமா உங்கள அடக்க ஒரு கரண்டி போதும்னு தெரியாமப் போச்சே” என்கிறாள்.

இன்று ஒரு கணக்கில் அவன் மாட்டிக்கொண்டான். தட்டினாள். பேனா எழவில்லை. மறுபடி தட்டினாள். பத்து வயதில் குனிந்த அதே குனிவு, அதே கழுத்து. அப்போது எதிரில் நான் நின்றிருப்பேன்.

“விடுப்பா” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். “தப்பில்லையா?”

“தப்புதான். இருந்தாலும் விடு.”

அடுத்த கேள்விக்குப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனான்.

அவன் விட்ட கணக்கை நான் எடுத்துப் போட்டேன். இருபது நிமிடம் ஆயிற்று. விடை வந்தது.

ஏப்ரல் 23, புதன்

டீச்சரின் மாதிரித் தேர்வில் எனக்கு முப்பத்தாறு. குறைந்தது ஐம்பது வேண்டும். பதினோரு நாள். புதிய பெண் என் மேசை அளவை எடுத்துக்கொண்டு போனாள். கணினி வைக்கவாம். மரியாதையாகத்தான் கேட்டாள், அதுதான் எரிகிறது. அந்த நாற்காலி போனால் நான் யார்? ஓய்வு வரைக்கும் நாலு வருடம் எவனுக்கோ பெட்டி திறந்து காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முடியாது. என்னால் முடியாது.

மே 4, ஞாயிறு

இருபத்திரண்டு கேள்வி வரை நன்றாகப் போனது. விட வேண்டியதை விட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன்.

இருபத்து மூன்று. ஒரு பெட்டியில் இத்தனை உதிரிப் பாகம், அதில் இத்தனை பழுது, எடுத்துப் பார்க்கும் ஐந்தில் இரண்டு பழுதாக இருக்க என்ன வாய்ப்பு. என் கேள்வி. முப்பத்தேழு வருடமாக என் கை போட்டுவரும் கணக்கு. இதை எப்படி விடுவேன்? கரண்டிச் சத்தம் காதுக்குள் கேட்டது. கேட்டும் எழவில்லை. பதினாலு நிமிடம்.

விடை சரி. அதில் சந்தேகமே இல்லை. கடைசி முப்பத்திரண்டு கேள்வியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவனும் எழுதி முடித்து வாசலில் நின்றிருந்தான். “எப்படிப்பா?”

“ஒண்ணு ரொம்ப நல்லா போட்டேன்” என்றேன். பக்கத்தில் வந்து பையை வாங்கிக்கொண்டான்.

மே 29, வியாழன்

பட்டியல் வந்தது. என் எண் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலேயும் பார்த்தேன்.

இன்று என்னைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். முடிந்தது.

ஜூன் 2, திங்கள்

அளவு பார்க்கும் கேஜ்களை வைக்கிற அலமாரியின் சாவியைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் எழுந்து நின்று வாங்கினாள். “உட்காருங்க சார்” என்றாள். உட்காரவில்லை. “ரிஜெக்ட் புத்தகத்த நீங்களே எழுதுவீங்களா சார்? எனக்கு உங்கள மாதிரி வராது” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே ஒத்துக்கொள்ள நான் என்ன இளிச்சவாயனா?

ஜூன் 14, சனி

டீச்சர் போன் செய்தார். “உங்கள மாதிரியே ஒரு அம்மா வந்திருக்காங்க சார். தேறாதவங்ககிட்ட பேசணுமாம். நீங்க ஆரம்பிச்சு வச்சது. உங்க நம்பரக் கொடுக்கட்டுமா?”

“கொடுங்க” என்றேன். “பட்டியல்ல அந்த நாலாவது நம்பர அடிச்சிடுங்க.”

“அது மே இருபத்தொன்பதாம் தேதி, ரிசல்ட் வந்த அன்னைக்கே அடிச்சாச்சு சார். இடம் காலியாத்தான் இருக்கு.”

அங்கேயே என்னுடையதை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவனுக்குக் கல்லூரியில் மாலை வகுப்பு முடிந்து வர எட்டு மணி ஆகும். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா இன்னும் கூப்பிடவில்லை.