எட்டு ஜிபி எங்கே போச்சு

6 மார்ச், வெள்ளி

காலையிலிருந்து வெயில், மழை வரும் அறிகுறியே இல்லை. கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்தது, மூன்று தடவை. கடைசித் தடவை கோயில் பேனரில் முருகன் கை வேலுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். சேவ் பண்ணவில்லை. வேல் போச்சு.

கோயில் தலைவர் போனில்: "லெட்சுமி, இந்த வாட்டி பங்குனி உத்திரத்துக்கு ஏழு பேனரு, அன்னதான நோட்டீசு, எல்லாம் ஒனக்குத்தான். லேட்டாச்சுன்னா கோலா சிலாங்கூர் கடையில குடுத்துருவோம், கோவிச்சுக்காத." கோவிச்சுக்கக் கூடாதாம். அந்தக் கடைக்காரன் அவருக்கு ஒன்றுவிட்ட மச்சான். எனக்குத் தெரியாதா?

ஆக, புது கம்ப்யூட்டர். விலை இரண்டாயிரம் வெள்ளிக்குள். அதற்கு மேல் கிடையாது.

சேகருக்கு மெசேஜ் போட்டேன். தம்பி. ரவாங்கில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. பதில் உடனே வந்தது: "கவலப்படாத அக்கா. பார்ட்ஸ் எல்லாம் நானே பாத்து மாட்டித் தரேன்." எந்த மெசேஜுக்கும் மறுநாள் பதில் போடுகிறவன். இதற்கு மட்டும் என்ன அவசரம்?

சாயங்காலம் விளக்கு, சாம்பிராணி. வீட்டுக்கு ஒரு சுற்று, கம்ப்யூட்டருக்குத் தனியாக மூன்று. பக்கத்து வீட்டு பார்வதி (இனி பா., முழுப் பெயர் எழுதும் அளவுக்கு மரியாதை வேண்டாம்) போன வருஷம் வாசலில் நின்று, "ஒனக்கு என்ன லா, ஒக்காந்த எடத்துலயே டுயிட் வருது" என்றாள், என் காசு மேலே கண்ணை வைத்து. அடுத்த வாரமே பிரிண்டர் படுத்தது. அதிலிருந்து செவ்வாய், வெள்ளி தவறுவதில்லை. தூபக்காலை கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஓட்டைக்கு நேராகப் பிடித்தால் போதும், புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்லது கெட்டது அதற்கும் தெரிகிறது.

8 மார்ச், ஞாயிறு

சேகர் வந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று நாட்டுக்கோழி வாங்கி வறுத்திருந்தேன். தொடவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டான். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா சொல்லி அனுப்பியிருப்பாள், அக்கா வீட்டில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடாதே என்று. கோழியை யார் படைக்கிறார்கள்? கல்யாணத்துக்காக வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவனானான், பெயர்கூட இப்போது சேவியர். நான் சேகர் என்றுதான் கூப்பிடுவேன்.

அவன் சொன்ன பார்ட்ஸ்:

பிராசஸர் – படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறதாம், தனி கார்டு வேண்டாமாம். கடையில் வேலை செய்கிறவன் வேண்டாம் என்றால் அதில் என்னமோ இருக்கிறது.
மதர்போர்டு – பழைய மெமரி பொருந்துகிற மாடல்.
பவர் சப்ளை – "இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத அக்கா." யாரைக் கஞ்சம் என்கிறான்?
எஸ்எஸ்டி, பைல் சேமிக்கிற டிஸ்க் – புதுசு. பேனர் பைல் எல்லாம் யானை சைஸ்.
மானிட்டர், கீபோர்டு – இருப்பதே போதும்.

மெமரி வாங்க வேண்டாம் என்றான். "பழசுலயே ரெண்டு இருக்கு, எட்டு எட்டு, மொத்தம் பதினாறு ஜிபி. அதையே போட்டுக்கலாம். இப்ப மெமரி வெல தங்கம் மாதிரி ஏறிக் கெடக்கு."

கடைசியில் கேஸ். வெறும் பெட்டி. நான் பார்த்து வைத்தது பளபளவென்று இருக்கிறது, விலையும் குறைவு. அவன் சொல்வதோ மூன்று பக்கமும் வலை வைத்தது, விலை இரண்டு மடங்கு. இரண்டாயிரத்துக்குள் முக்கி முனகிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்கு இவ்வளவா?

"எதுக்குடா?"

"தூசி வராது."

"என் வீட்டுல ஏதுடா தூசி? தெனமும் கூட்டுறேன்."

சாமி மேடையைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். "கேஸு மட்டும் நான் சொல்றத வாங்கு அக்கா, ப்ளீஸ்."

கமிஷன். வேறு என்ன?

போகும்போது பழைய கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். போன தீபாவளிக்கு முன்னால் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தான், கிளீன் பண்ணினானாம். கொண்டு வந்தபோது "அக்கா, இந்தப் பொகை..." என்று இழுத்தான். "சாமி விஷயத்துல வாய வைக்காத. ஒன் சர்ச்ச பத்தி நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்று ஒரு சத்தம் போட்டேன். அதோடு வாயை மூடினவன்தான்.

10 மார்ச், செவ்வாய்

வீட்டுக்குள் புழுக்கம். காலையில் வீடியோ பார்த்து ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு மெமரி என்று நாமே பார்க்கலாம், இரண்டு கிளிக்.

பார்த்தேன். 8.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். 8.

பதினாறு எங்கே? வாங்கிய கடை பில்லில் பதினாறு என்று தெளிவாக இருக்கிறது. அதன் பிறகு இதைத் திறந்தது ஒரே ஒரு ஆள். சோறு இறங்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இவன் ஒருத்தன். கல்யாணம் காட்சி என்று நான் எதையும் பார்க்கவில்லை, இவனைப் படிக்க வைத்ததே நான். கேட்டிருந்தால் தந்திருப்பேனே, பாவி.

தங்கம் மாதிரி ஏறிக் கெடக்கு என்று அவன்தானே சொன்னான்.

சாம்பிராணி. இன்று ஐந்து சுற்று. இரண்டு தடவை அணைந்தது.

12 மார்ச், வியாழன்

சேகர் நான்கு மெசேஜ். பதில் போடவில்லை. பழைய செட்டே வாங்கிவிடலாம் என்று பேஸ்புக்கில் தேடினேன். கலும்பாங் ஊர் ஆள் ஒருவர், தமிழர். கூப்பிட்டேன்.

"ஒரு டீச்சரம்மா வெச்சிருந்ததுக்கா. கேமே ஆடாத செட்டு."

பழைய கார் விற்கிறவர்களும் இதே டீச்சரைத்தான் சொல்வார்கள். இந்த டீச்சருக்கு எத்தனை கார், எத்தனை கம்ப்யூட்டர்?

"வீடியோ கால்ல ஆன் பண்ணிக் காட்டுங்க."

"லைன் இல்லக்கா இங்க."

லைன் இல்லாமல் என்னிடம் எதில் பேசுகிறான்? வைக்கப் போனேன். அப்போதுதான் சொன்னான்: "மெமரி மட்டும் வேணும்னாலும் இருக்குக்கா. எட்டு ஜிபி, ஒன்னே ஒன்னு. ரவாங்ல ஒரு கடை ஆள்கிட்ட எடுத்தது."

எந்தக் கடை, எந்த ஆள் என்று கேட்டேன். அதெல்லாம் ஞாபகமில்லையாம்.

போனை வைத்தேன். பா. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பாவாடையை எவ்வளவு நேரம் உதறுவாள்?

13 மார்ச், வெள்ளி

ரவாங் பஸ். சேகருக்கு இன்று லீவு என்று தெரிந்தேதான் போனேன். கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, வயசான சீனர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு எட்டு ஆனது, தீபாவளிக்கு யார் திறந்தது, கலும்பாங் ஆள் சொன்னது, வலை வைத்த பெட்டி. அவர் சிரிக்கவில்லை. தன் கடையிலும் போன மாசம் ஸ்டாக்கில் மெமரி குறைந்தது என்றார். சேகர் பெயரை எழுதிக்கொள்ளவில்லை, அவருக்குத்தான் தெரியுமே.

சரியாகத்தான் செய்தேன். தப்பு செய்தவன் அனுபவிக்க வேண்டும்.

பஸ்ஸில் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. சாம்பிராணி காட்டும்போது இருட்டிவிட்டது.

14 மார்ச், சனி

மழை. அன்னதான நோட்டீசு பாதியில் நிற்கிறது. ஸ்டெல்லா போன் பண்ணினாள். என்றைக்கும் பண்ணாதவள்.

"அண்ணி, அவர வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. விசாரிச்சுட்டுத்தான் கூப்பிடுவாங்களாம். யாரோ வந்து ஏதோ சொல்லியிருக்காங்க. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா அண்ணி?"

தெரியாது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நேத்துலேருந்து அவரு சரியா சாப்புடல. நாப்பது நாளு கறி வேணாம்னு விட்டாரு, இப்ப சோறும் வேணாங்குறாரு."

என்ன நாற்பது நாள் என்று கேட்டேன்.

"தவக்காலம் அண்ணி. ஈஸ்டர் வரைக்கும். வருசா வருசம் இருக்காரே, ஒங்ககிட்ட சொன்னதில்லயா?"

சொல்லியிருப்பான். நான் கேட்டிருக்க மாட்டேன்.

கோழி மிச்சம் இன்னும் ஐஸ்பெட்டியில். கோழி விஷயத்தில் தப்பாக நினைத்தேன், சரி. ஆனால் எட்டு ஜிபி? அது எங்கே போனது? திருடியிருந்தால் திருடன்தான். திருடவில்லை என்றால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரைத் தவுக்கே முன்னாலேயே திறந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

16 மார்ச், திங்கள்

ரவாங் கடைக்கு கிராப் வாடகைக் கார். மடியில் பழைய கம்ப்யூட்டர். சேகரையும் வரச் சொல்லியிருந்தேன், எதற்கென்று சொல்லவில்லை. தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான். நான்கு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தவுக்கே ஸ்குரூ கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தார். குப்பென்று சாமி அறை வாசனை. கடையே திரும்பிப் பார்த்தது.

உள்ளே முழுக்கக் கறுப்பு. பேன் இறக்கையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, அதன் மேல் சாம்பல், அதன் மேல் தூசி. காற்று போக ஒரு சந்து இல்லை. இதென்ன கம்ப்யூட்டரா, ரொட்டி சுடும் அடுப்பா என்று தவுக்கே மலாயில் கேட்டார். சூடு தாங்காமல்தான் அணைந்திருக்கிறது. உள்ளே விரலை விட்டு எதையோ உருவினார். பிறகு இன்னொன்று. மேசையில் வைத்தார். இரண்டு மெமரி. எட்டு, எட்டு.

இரண்டும் அதே இடத்தில்தான் இருந்திருக்கின்றன. ஒன்றின் பல்லில் கரி படிந்து தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. சேகர் மேசையிலிருந்த பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து அந்தத் தங்கப் பல்லை மெதுவாகத் தேய்த்தான். திரும்ப மாட்டினான். ஆன் பண்ணினான்.

16.

எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. ஸ்டூல் போட்டது அவன்தான்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொல்ல வந்தேன். சாமி விஷயத்துல வாய வைக்காதன்ன. வேதக்காரன் சாம்பிராணி வேணாம்னு சொன்னா நீ என்ன நெனப்ப? அதான் கேஸையாவது மாத்துவோம்னு பாத்தேன்."

மேசையில் கிடந்த ரப்பரை நான் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க சர்ச்சிலயும்தான் சாம்பிராணி போடுறாங்க அக்கா. ஆனா மைக் செட்டு மூஞ்சிக்கு நேரா யாரும் பிடிக்கறதில்ல."

சிரிப்பா அழுகையா தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது. பிறகு எழுந்து நின்று தவுக்கேயிடம், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "சாயா சாலா" என்றேன். தப்பு என்னுடையது, தம்பி நல்லவன். இரண்டு தடவை சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கடையில் குறைந்த மெமரி தன் மகன் எடுத்து வெளியே விற்றது, சனிக்கிழமையே தெரிந்துவிட்டது, இவனைக் கூப்பிடத்தான் வெட்கமாக இருந்தது என்றார். ஆளுக்கு ஆள் வெட்கம். இடையில் என் தம்பி பட்டினி.

பழைய மதர்போர்டு இனித் தேறாதாம், பவர் சப்ளையும். பார்ட்ஸ் எல்லாம் சேகர் சொன்னபடியே. வலை வைத்த கேஸ். தவுக்கே அதற்கு அசல் விலை மட்டும் எடுத்துக்கொண்டார். அசல் விலை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கேட்கவில்லை.

20 மார்ச், வெள்ளி

நாளைக்கு நோன்புப் பெருநாள். எதிர் வரிசை மலாய் வீடுகளில் ரெண்டாங் கறி வாசனை. சேகர் மத்தியானம் வந்து மாட்ட ஆரம்பித்தான். சாம்பார், அவரைக்காய் பொரியல், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கம்ப்யூட்டர் மேசையை சாமி மேடையிலிருந்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம்.

"வல சாம்பலத்தான் தடுக்கும் அக்கா, பொகையத் தடுக்காது. நீதான் தள்ளி நிக்கணும்."

சரி என்றேன். இதுவரைக்கும் அவன் சொன்ன எதற்கும் நான் இப்படிச் சரி சொன்னதில்லை. அவனுக்கே சந்தேகம், திரும்பிப் பார்த்தான்.

ஆன் பண்ணுவதற்கு முன்னால் அவனே நிறுத்தி, "பொட்டு வெச்சுக்க. வெளியில மட்டும்" என்றான். வைத்தேன். சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இருபது அடி பேனர் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. வேலுக்கு நிழல் போட்டு, முதல் வேலையாக சேவ் பண்ணினேன். தலைவருக்குப் படம் அனுப்பினேன். "சூப்பர்" என்று வந்தது. மச்சானுக்கும் அனுப்பியிருப்பார்.

விளக்கு வைக்கும் நேரம் பா. வந்தாள், சீனி கேட்டு. சீனிக்கு வந்தவள் கண் எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து ஒயர் கட்டிக்கொண்டிருந்த சேகரைப் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன லா. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்?"

சீனியைக் கொடுத்து அனுப்பிக் கதவைச் சாத்தினேன். தூபக்காலில் இரண்டு கரித்துண்டு கூடப் போட்டேன். சேகரை எழுப்பி ஹால் நடுவில் நிற்க வைத்தேன், கிழக்கே பார்த்து.

"அக்கா, நான் எதுக்கு..."

"வாய மூடு. இழுத்துக்க."

தலையிலிருந்து கால் வரை மூன்று சுற்று. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இருமினான். நகரவில்லை.