கேட்டுக்கு வெளியே

அக்கா,

லோன் போட்டுக் கட்டிய என் வீட்டின் மாடிக்கு நேற்று வெள்ளையடித்து முடித்து, 'வீடு வாடகைக்கு' என்று போர்டு மாட்டினேன். ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு உங்கள் முகம் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், போவேனா என்கிறது. உங்களிடமே பேசித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தென்காசிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த என் வீட்டுக்காரரோடு நான் ஓசூர் வந்தபோது, உத்தனப்பள்ளி ரோட்டில் உங்கள் வரிசை வீடுகளில் ஒன்றுதான் கிடைத்தது. "எந்த ஊரு? என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தக்காளி விலை கேட்பதுபோல அல்லவா கேட்டீர்கள்.

அவரைக்காய்க் காலம் வந்தால் சாயங்காலம் ஊறவைத்த கொட்டையை முறத்தில் கொட்டி நடுவில் வைப்பீர்கள். தோலைப் பிதுக்கிக்கொண்டே சண்டை போடுவோம். இட ஒதுக்கீடு, வடக்கத்தி ஆட்கள், யார் யாரைக் கட்டலாம் என்று எதையும் விட்டதில்லை. வீடு கேட்டு வந்த ஒடிசாப் பையன்களை வாசலோடு அனுப்பிய அன்றும் அப்படித்தான்.

"அவங்க கலாச்சாரமே வேறம்மா. மொகத்தப் பாத்தாலே எனக்கு ஒப்பல."

"எக்கா, நாங்களும் வெளியூர்தானே. எங்கள மட்டும் எப்படி உள்ள விட்டீங்க?"

"நீ நம்ம மாதிரி."

"நீங்க வீட்டுல தெலுங்கு பேசுதீங்க, மார்க்கெட்டுல கன்னடம் பேசுதீங்க. நான் எந்த விதத்துல ஒங்க மாதிரி?"

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு தீர்ப்பும் சொன்னீர்கள். "கேட்டுக்கு வெளிய எல்லாரும் சமம். நானே சொல்றேன். கேட்டுக்கு உள்ள என் வீடு, என் இஷ்டம்." அன்று கிண்ணம் நிறையப் பிதுக்குப்பருப்புக் குழம்பு கொடுத்தனுப்பினீர்கள். நாளைக்கு உங்களை மடக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். என்னை இவ்வளவு பேசவிட்டுக் கேட்டவர் இந்த ஊரில் வேறு யாருமில்லை. அதனால்தான் உங்களை நம்பினேன்.

என் வீட்டுக்காரர் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. மதியம் ஆம்புலன்ஸ் வீட்டுக்கு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. நீங்கள் சாவியோடு வெளியே நின்றிருந்தீர்கள்.

"தப்பா நெனைக்காதம்மா. உள்ள எடுத்தாராத. பொணம் வெச்ச வீடுன்னு பேராயிட்டா நாளைக்கு யாரு குடி வருவாங்க?"

"கொஞ்ச நேரம்க்கா. குளிப்பாட்டி, வேட்டி மாத்திட்டு எடுத்துருதேன்."

"வேணாம்மா."

முறத்துக்கு முன்னால் அத்தனை ஞாயம் பேசிய நான், டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். எண்ணெய்க் கறை படிந்த கம்பெனிச் சட்டையோடுதான் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். வண்டி கிளம்பும்போது காபி கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்கள். அந்த அழுகையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பொய்யாக அழுதிருந்தால் உங்களை வெறுத்துத் தலைமுழுகியிருப்பேன்.

காரியம் முடிந்து அதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பிள்ளை படிப்பு இங்கே. அவர் வேலையையும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். புருஷன் இல்லாதவளுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? நீங்கள் முறத்தை என் பக்கம் நகர்த்தினீர்கள். நானும் பிதுக்கினேன். நாட்டு நடப்பெல்லாம் பேசினோம், கேட்டை மட்டும் இருவரும் தொடவில்லை.

கடைசிக் காலத்தில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் மாலையோடு ஓடி வந்தேன். அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கேட்டை மறித்து நின்று, "ஒளகெ பேடா சார், ஒளகெ பேடா" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வேண்டாமாம். லிஃப்டில் ஏற்றினால் குழந்தைகள் பயந்துவிடுமாம். "நாங்க ஓனருங்க, வாடகைக்கு இல்ல" என்று உங்கள் மகன் கத்திப் பார்த்தான். எடுபடவில்லை. கேட்டுக்கு வெளியே, லாரிப் புழுதியில், ஐஸ் பெட்டிக்குள் கிடந்தீர்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து, "இப்பச் சொல்லுங்க, வெளிய எல்லாரும் சமந்தானே?" என்று மெல்லக் கேட்டேன். நான் அழுவதாக நினைத்து உங்கள் மகன் என் தோளைத் தொட்டான். உயிரோடிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லி என்னை மடக்கியிருப்பீர்கள். அந்தப் பதிலைக் கேட்காமல் ஜெயித்தது ஜெயித்த மாதிரியே இல்லை.

இன்று காலை ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் வயதான தாயை அழைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்தார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள். என்ன ஆட்கள் என்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்தான், இங்கே வேலைக்குப் போய்ப் பழகிய தமிழில், "கண்டிஷன் என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வீட்டுல யாராவது செத்துப்போனா உள்ளயே வெச்சுக்கிடலாம். குளிப்பாட்டலாம். எவ்வளவு நேரம்னாலும் வெச்சுக்கிடலாம்."

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கியவர்கள், கேட்டைத் தாண்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

போர்டு அப்படியே தொங்குகிறது அக்கா. அடுத்து வருகிறவர்களிடமும் நான் அதையேதான் சொல்வேன்.