தவிட்டில் என்ன போடுகிறார்கள் என்று கேள்

பாளையங்கோட்டை
20.10.1995

அன்புள்ள மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. நெல்லையப்பர் காந்திமதி கிருபையில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் ஒரு கடைவாய்ப்பல் நீங்கலாக. அங்கே நீயும் உன் குதிரைகளும் எப்படி என்று எழுது, குதிரைகளைப் பற்றி முதலில் எழுது, உன்னைப் பற்றிக் கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று பொய்தானே எழுதுவாய். போன தடவை அனுப்பிய படத்தில் உனக்கும் அந்தச் சாம்பல் குதிரைக்கும் நடுவில் யாருக்குக் கழுத்தெலும்பு அதிகம் தெரிகிறது என்று எனக்கும் அப்பாவுக்கும் ஒரே தர்க்கம்.

உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. பதில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பாய், அதைக் கடைசியில் சொல்கிறேன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குதிரையைப் பொடிக்கொசு கடிக்கிறது, அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் பிடரியும் வாலும் அரித்து, தூணில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிறது, அந்த அரிப்பில் ரத்தத்திலுள்ள பிளேட்லெட்டுக்கும் பங்கு உண்டா என்று நீ பார்க்கிறாய், அதற்குத்தான் ரத்தம் எடுத்து அவை எவ்வளவு சீக்கிரம் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று அளக்கிறாய். இதுவரை எனக்குப் புரிந்தது, நானும் விலங்கியல் படித்துத் தவளை அறுத்தவள்தான், இருபது வயதில் உன்னைப் பெற்று அதையெல்லாம் பரணில் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு லாயத்து மூன்று குதிரைகளின் பிளேட்லெட் மட்டும் எதைப் போட்டாலும் ஒட்டவே இல்லை, மொத்தக் கணக்கும் கெட்டுவிட்டது, டிசம்பருக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆராய்ச்சியையே விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் பேனா அழுத்தி மறுபக்கம் வரை பதிந்திருந்தது. அழுதுகொண்டே எழுதினாயா. அந்த லாயத்துச் சொந்தக்காரியம்மாளிடம் மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டாய், ஒன்றும் இல்லை என்றார்கள், சரிதானே. இப்போது இங்கே நடந்ததைக் கேள்.

கடிதம் வந்த அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் பல் பிடுங்கியது. ஆட்டோ தூக்கிப் போடும் என்று பயந்து, என்னையும் கூட்டிக்கொண்டு தாஜ் முகம்மதுவின் குதிரை வண்டியில் போனார்கள். ஆட்டோவில் நாலு தரம் குலுங்கினால் இதில் நாற்பது தரம், அதை யார் சொல்வது. பல் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை, பஞ்சு வைக்க வைக்க நனைகிறது. டாக்டர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அப்பாவிடம் முதலிலேயே கேட்டாராம், இவர்கள் இல்லை என்று தலையாட்டினார்களாம். போன வருஷம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து தினமும் ராத்திரி அரை ஆஸ்பிரின் போடுகிறார்களே என்று நான் சொன்னேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார், அதுதானம்மா பிளேட்லெட்டை ஒட்டவிடாமல் பண்ணும், ரத்தம் உறையாது, ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். வாயில் பஞ்சோடு அப்பா சொன்னது என்ன தெரியுமா, "அது மருந்தா, அர மாத்திரதான."

எனக்கு அங்கேயே உன் மூன்று குதிரைகள் ஞாபகம் வந்துவிட்டன. சும்மா எழுதினால் அம்மா உளறுகிறாள் என்பாய், அதனால் உன்னைப் போலவே சோதித்துப் பார்ப்போம் என்று மூன்றாம் நாள் மேலப்பாளையம் போனேன். தாஜ் முகம்மதுவின் குதிரைக்கும் பிடரியெல்லாம் அரிப்பு, வாய்க்காலை ஒட்டிக் கட்டுகிறான், பொடிக்கொசுவுக்கு என்ன குறைச்சல். குதிரைக்கு மருந்து ஏதும் கொடுக்கிறாயா என்று கேட்டேன். "மருந்தா, அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, புல்லும் தவிடும்தான்" என்று சத்தியம் செய்யாத குறை. உடனே உள்ளேயிருந்து அவன் மனைவி ஹமீது பீவி, "ஏன் பொய் சொல்லுதிய, காலு வலிக்குன்னு தெனம் ரெண்டு வேளையும் நாலு தலவலி மாத்திரய நுணுக்கித் தவிட்டுல போடுதேம்லா" என்றாள். அதற்கு அவன், "அது மருந்தில்ல, தலவலி மாத்திர." அப்பா சொன்ன அதே நியாயம். அட்டையை வாங்கிப் பார்த்தேன், ஆஸ்பிரின்தான். சொறிந்த புண்ணில் ரத்தம் கசிந்தால் லேசில் நிற்பதில்லை என்றும் அவளே சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிட்டு மாட்டாஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன், நீ எழுதியிருந்தபடி பொழுது சாய்வதற்குள் உள்ளே கட்டி, மேலே துணி போர்த்தவும் சொன்னேன். துணிக்கு உன் மஞ்சள் தாவணி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். உன்னைவிட அதற்கு நன்றாக இருக்கிறது, கோபப்படாதே.

ஆகவே ஏட்டி, அந்த லாயத்தில் போய் மருந்து கொடுக்கிறீர்களா என்று மறுபடி கேட்காதே. தவிட்டில் என்ன போடுகிறீர்கள் என்று கேள். சொந்தக்காரியிடம் கேட்காதே, தீவனம் கலக்கும் ஆளிடம் கேள். அப்படி ஏதாவது இருந்தால் நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் பொறுத்துப் புதிதாக ரத்தம் எடு. இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம், ஆனாலும் கேள்.

தாமதத்துக்கு வருகிறேன். எனக்கு இது பன்னிரண்டாம் தேதியே தெரியும். தெரிந்துகொண்டே எழுதவில்லை. நீ வருகிறாய் என்று உன் தலையணைக்குப் புதுப்பஞ்சு அடைத்தேன், கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குச் சொல்லிவைத்தேன், உன் அலமாரியைத் துடைத்தேன், கடிதம் எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சீமைக் குளிரில், வேளைக்குச் சாப்பிடாமல், பின்னங்காலால் உதைக்கிற ஒன்றின் பக்கத்தில் நீ நிற்பதை நினைத்து நான் தூங்கிய நாள் குறைவு. நான் சும்மா இருந்தாலே நீ வந்துவிடுவாய். நேற்றுக் காலை அப்பா ஏர்மெயில் தாள் மேஜையில் வெறுமனே கிடப்பதைப் பார்த்துவிட்டு, "பல்லு டாக்டர்ட்ட நான் தலையாட்டுன மாதிரி நீயும் ஆட்டுதியோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்கள். உன் அப்பாவுக்குப் பல் போனதும் புத்தி வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தாமதம்.

முந்தாநாள் திருச்செந்தூர் போயிருந்தோம். நான் நினைத்தது சரியாக இருந்தால் பொங்கலுக்கு நீ வரமாட்டாய், தப்பாக இருந்தால் வந்துவிடுவாய். சந்நிதியில் நின்று எதைக் கேட்பது என்று தெரியவில்லை, ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். திருநீறு இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கொட்டிவிடாதே.

எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். நாளைக்கே அந்த லாயத்துக்குப் போ, குதிரைக்குப் பக்கவாட்டில் நில், பின்னால் நிற்காதே. தலையணை அப்படியே இருக்கும், பஞ்சு ஒன்றும் கெட்டுப்போகாது.

உன் அம்மா
உலகம்மாள்