கறுப்பு மை பூசிய தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். பேத்தி பள்ளிக்கூட மேடையில் நின்று பேசின படத்தைப் பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர், ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற பெண் என்று ஒருவரையும் விடாமல் காட்டிவிட்டேன். அஞ்சாவதோடு நின்ற கிழவிக்கு இப்படி ஒரு பேத்தியா என்று நாலு பேர் கேட்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தகவல் அதிகாரி வேலை, யார் என்ன கேட்டு மனுப் போட்டாலும் அவன்தான் காகிதம் தேடிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் முன்னால் அங்கே ஒரு நர்சம்மா நோயாளியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் போகும்போது அது தடாலென்று இறங்கி இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. இந்த லிஃப்டை எப்போதெல்லாம் பார்த்தார்கள், என்ன கோளாறு என்று எழுதினார்கள், எனக்குத் தெரிய வேண்டும் என்று அந்த அம்மா மனுப் போட்டார். லிஃப்டைக் கவனிப்பது வெளிக் கம்பெனி, அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாம். கேட்டதற்கு, எல்லாமே எங்கள் தொழில் ரகசியம், ஒரு எழுத்து வெளியே போகக் கூடாது என்று பதில் வந்தது. அந்தக் கம்பெனி ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர் வாசனை வந்துவிடும், சென்ட்காரர் என்றுதான் நாங்கள் சொல்வது. அவர் வீட்டு வாசலுக்கே வந்து, பையன் ரொம்ப நல்லவர்மா, நல்லவங்களுக்குத்தான் சீக்கிரம் மாற்றல் வரும், கொஞ்சம் சொல்லி வைங்க என்று சிரித்தார்.

எதுக்குடா நமக்கு வம்பு, மொத்தத்தையும் மூடிடு என்று உன் தம்பியிடம் கெஞ்சினேன். அவன் கேட்டால்தானே. ஸ்பேர் எங்க வாங்குறான், என்ன விலைக்கு வாங்குறாங்கிறது அவன் பொழைப்பும்மா, போட்டிக்காரன் பார்த்தா வயித்துல அடிச்ச மாதிரி, அதை மறைச்சுத்தான் குடுப்பேன், ஆனா இரும்புக் கயிறு தேஞ்சு போச்சாங்கிறது ஏறுறவங்க உசுரு, அதை மறைக்க மாட்டேன், நீயே முட்டி வலிக்கு அதுலதானே மூணாம் மாடி போற என்றான். அப்படியே உங்கள் அப்பா வாய்.

சொன்னபடியே உத்தரவு போட்டான். அவர்கள் ஆபீஸில் வழக்கம் என்னவென்றால், மறைக்க வேண்டிய வரிமேல் தடித்த பேனாவால் கறுப்பு மை பூசி, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் கொடுப்பார்கள், மை பூசின தாளையே கொடுத்தால் வெளிச்சத்தில் அடி எழுத்து தெரிந்துவிடுமாம். அன்றைக்கு மேஜை முன்னால் கூட்டம், போன் வேறு விடாமல் அடித்திருக்கிறது, ஜெராக்ஸைக் கோப்பில் வைத்துவிட்டு மை பூசின தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

நேற்று அந்த நர்சம்மா வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சார், ஜன்னலோரமா நின்னு படிச்சேன், விலையெல்லாம் தெரியுது, அது எனக்கு வேண்டாம், கயிறு மாத்தணும்னு மூணு தடவை எழுதியும் மாத்தலைன்னு இருக்கு பாருங்க, எனக்கு அது போதும், இதை வாங்கிக்கிட்டு ஆபீஸ்ல ஜெராக்ஸ் குடுங்க என்று நீட்டினார். எனக்கு அந்தப் பெண்ணைக் கும்பிடலாம் போல் இருந்தது. அவர் தெரு தாண்டினதும், திரும்பி வந்துடுச்சேடா, யாருக்குத் தெரியப்போகுது, அடுப்புல போடு என்றேன். சென்ட்காரன் தப்பை மறைக்காதேன்னு ஆர்டர் போட்டவன் நான், என் தப்பை அடுப்புல போட்டா அவனுக்கும் எனக்கும் சென்ட்தானேம்மா வித்தியாசம் என்றான். பெரிய டாக்டரிடமும் கம்பெனியிடமும் என் தப்பை நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று காலையில் கிளம்பிவிட்டான். அவன் பெண்டாட்டி சட்டைக்கு இஸ்திரி போட்டாள், ஆனால் ஒரே கையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு நிறுத்துவார்களோ, கோர்ட்டுக்கு இழுப்பார்களோ, மைக்கு அடியில் எழுத்து தெரிந்ததைச் சாக்காக வைத்துக் கயிறு விஷயத்தையும் அமுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அந்த லிஃப்ட் வேறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடம் வரை எழுதும்போது அவனே போன் செய்தான். தாளைப் படித்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் லிஃப்டைப் பூட்டச் சொல்லிவிட்டாராம். சரிடா, உன்னை என்ன சொன்னார் என்றேன். விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க, கம்பெனி வக்கீலும் வர்றாராம், நீ சாப்பிட்டியா என்றான். அவன் சாப்பிட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

தம்பியிடம் பேசு, புத்தி மட்டும் சொல்லாதே, நான் சொல்லித் தோற்றது போதும். பயத்திலும் ஒரு பெருமை இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தலைகால் புரியாது. மறக்காமல் இன்னொன்று, நீ பதினாலாம் மாடியில் இருக்கிறாய். உங்கள் லிஃப்டை யார் எப்போது பார்த்தார்கள் என்று காவலாளியிடம் கேள், கூச்சப்படாதே. அது ரகசியம் என்று சொன்னால் பேத்தியைப் படியில் கூட்டிக்கொண்டு போ. எங்கே ஏறினாலும் என் பிள்ளைகள் பத்திரமாக இறங்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

வாசலைப் பார்த்துக்கொண்டே,
உன் அம்மா