எட்டு எழுத்தில் அப்பா

பம்பாய்
12.7.1988

அன்புள்ள அப்பாவுக்கு ஜானு நமஸ்கரித்து எழுதுவது. நான் சௌக்கியம். ஆனையூரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் நான் எழுதிய புரோகிராமின் ஃபைல்களுக்கு, நம் வழக்கப்படி உங்கள் பெயரை முன்னால் போட்டு, விஸ்வேஸ்வரன்ஜானு, விஸ்வேஸ்வரன்சிவா என்று இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தேன். வாடிக்கையாளரிடம் இருப்பது டாஸ் என்ற வேறு வகைக் கம்ப்யூட்டர்; அதில் ஏற்றினால் கம்பைல் ஆகவில்லை, ஓடவே மாட்டேன் என்கிறது. கூட வேலை பார்க்கும் நாகமலை புதுக்கோட்டை யூனுஸ் அண்ணன் சிரித்தார்.

"எம்புட்டு நீளமாம்மா பேர் வச்சிருக்க? இந்த டாஸ் எட்டு எழுத்துக்கு மேல வெட்டிரும். உங்கப்பா மட்டும் நிக்கிறாரு, எல்லாம் ஒரே பேராயி பிள்ளைக ஒண்ணை ஒண்ணு அழிச்சிருச்சுக."

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் இன்னும் ஓடவில்லை. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம் என்கிறார் மேனேஜர். நீங்கள் கவலைப்படாதீர்கள், சும்மா சொல்வார்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். வேறெதுவும் இறங்கவில்லை. என் முறைக்குக் கம்ப்யூட்டர் காலியாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். உடனே ஒரு கார்டு போடுங்கள் அப்பா. அதில் சேதி ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. விலாசத்தில் என் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரை முழுசாக எழுதுங்கள்.

ஜானு