ஐந்தொகையில் இல்லாத லயம்

பண்டாரவளை,
11.09.1965.

பெரிய கிளாக்கர் திரு. வே. ரெங்கசாமி அவர்களுக்கு,

வணக்கம். ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், பனிக்கும் துரைக்கும் நடுவே நீர் நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். இரண்டின் முன்னும் நடுங்கிப் பழகிய உடம்பு, கேடு வந்திராது.

பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதிய கை, இன்று என்மேல் முறைப்பாடு எழுதியிருக்கிறது. கம்பனியின் இரகசியப் பத்திரங்களைக் களவாடி, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கியல் வகுப்பில் வாசித்து, தொழிலாளரைத் தூண்டிவிடுகிறேனாம். துரைக்கு எழுதியது போதாதென்று, தம் கடை மாடியில் வகுப்புக்கு இடம் தந்த குற்றத்துக்காக ஜுனைதீன் நானாவுக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறீர்.

அந்த இரகசியத்தின் கதையைக் கேளும். கொழும்பில் எவரோ ஒரு பங்குதாரர் படித்து எறிந்த தாள்களை, பொதி சுற்றுவதற்காக நிறுத்து வாங்கி வந்தார் நானா. அவற்றுள் உம் கம்பனியின் ஆண்டறிக்கையும் கிடந்தது. நல்ல வழுவழுப்பான தாள். பாதி செத்தல் மிளகாயோடு போய்விட்டது. மீதியை நான் மீட்டேன். கம்பனியே அச்சடித்து, முத்திரை ஒட்டி, ஊரெல்லாம் அனுப்பிய இரகசியம்! உம் முறைப்பாட்டை வாசித்த நானா, “மொளகா சுத்தி வித்தா ஒண்டுமில்ல, வாசிச்சா மட்டும் களவா? அந்த மனிசனுக்கு என்ன மாஸ்டர், பைத்தியமா?” என்று கேட்டார். பைத்தியமில்லை, பயம் என்றேன்.

அதை ஏன் கையில் எடுத்தேன் என்பதையும் அறிந்துகொள்ளும். எங்கள் பாடநூலில் இருப்பவர் இலண்டனில் தளபாடக் கடை வைத்த ஜோன் என்பவர். பக்கத்துக்குப் பக்கம் மேசை வாங்குவார், நாற்காலி விற்பார். மூன்று மாதம் அவருக்குக் கணக்கெழுதி என் மாணவர் களைத்துப்போயினர். “நாமளும் எழுதிக்கிட்டே இருக்கோம், அந்த ஜோன் ஒரு நாளாச்சும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாராங்க?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. மறுவாரம் ஜோனை மூடிவைத்தேன். உம் கம்பனியைத் திறந்தேன்.

அன்றைய பாடம் பெறுமானத் தேய்வு. சொத்து ஆண்டுதோறும் தேய்வதாகக் கொண்டு, அதன் பெறுமானத்தை ஏட்டில் குறைத்துக்கொண்டே வரும் முறை. ஐந்தொகை என்னும் சொத்து, கடன் பட்டியலில் கட்டடங்களைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். துரை பங்களாவுக்கு நாலாயிரத்து இருநூறு பவுண். தொழிற்சாலைக்குப் பன்னிரண்டாயிரம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நேரே ஒரு சிறு கோடு. கட்டி ஐம்பது ஆண்டாயிற்று. தேய்த்துத் தேய்த்துச் சுழியாக்கிவிட்டார்கள். ஏட்டு முறைப்படி அதில் பிழை ஒன்றுமில்லை. அதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

அப்போது எழுந்தவள் ஜெயலெட்சுமி. உம் தோட்டத்துப் பெரியாயியின் மகள். ஆறு நாள் கொழுந்து கிள்ளிவிட்டு ஏழாம் நாள் பஸ் ஏறி வருபவள். “கூரை ஒழுகுதுன்னு போன வருசம் எழுதிக் குடுத்தோங்க. கிளாக்கரையா ஏட்டைப் பொரட்டிப் பாத்துட்டு, ‘அப்படி ஒரு வீடே இதுல இல்லையே புள்ள’ன்னு சிரிச்சாரு. கேலி பண்றாருன்னுதான் நெனச்சோம். நெசத்தத்தான் சொல்லியிருக்காரு” என்றாள்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையில் முழங்குபவன் என்று என்னைக் குற்றம் சாட்டுகிறீரே, அன்று நான் ஒரு சொல்லும் முழங்கவில்லை. உம் வாய் முந்திக்கொண்டுவிட்டது.

இனி உம் வீரத்துக்கு வருவோம். கணக்குப் பதிவுத் தேர்வுக்கான விண்ணப்பத்தில் முகவரியை வேலை கொடுப்பவர் உறுதிப்படுத்த வேண்டும். துரைக்காகக் கையொப்பமிடுபவர் நீர். மூன்று நாள் அவளை ஆபீஸ் படியில் நிறுத்தினீர். மூன்று நாளும் அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியை வெட்டினீர். நாலாம் நாள், “கொழுந்து கிள்ளுற கைக்கு ஐந்தொகை கேக்குதோ? ஒங்க மாஸ்டர்கிட்ட மன்னிப்பு எழுதி வாங்கிட்டு வா, பாப்போம்” என்றீராம். என்னோடு நேர்நின்று மோதத் துணிவில்லை. ஒரு பெண்ணின் விண்ணப்பத்துக்குப் பின்னே ஒளிந்துகொண்டு கல்லெறிகிறீர். துரை பெயருக்குக் கையொப்பம் இட்டு இட்டு, உமக்கென்று ஓர் எழுத்தும் எஞ்சாமல் போயிற்றே! உம் தாய் உம்மைப் பெற்றது எந்தப் பங்களாவில், ரெங்கசாமி? அந்தச் சிறு கோட்டுக்குள் நீரும் அடக்கம்.

ஆயினும் விண்ணப்பத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை இறுதி நாள். தேறினால் தம் மொத்த விற்பனைக் கடையில் கணக்கெழுத அவளை எடுத்துக்கொள்வதாக இவ்வூர் மஹ்ரூப் முதலாளி சொல்லியிருக்கிறார். அடுத்த தேர்வு ஓராண்டு கழித்து. அதுவரை அவர் காத்திரார்.

எனவே, நீர் கேட்ட மன்னிப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பத்திரத்தை வாசித்தது தவறு, இனி வாசிக்கமாட்டேன் என்று நீர் விரும்பிய சொற்களிலேயே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். துரையிடம் காட்டும். உம் மேசை லாச்சியில் பூட்டிவைத்து, நெஞ்சு குளிர நாள்தோறும் எடுத்துப் பாரும். நான் மறுத்துப் பேச வரமாட்டேன்.

இதை அவள் கையில் கொடுத்தனுப்பவில்லை. நானாவின் லொறியில் அனுப்புகிறேன். காரணம் உண்டு. “நீங்க அந்தாளுக்கு மன்னிப்பு எழுதிக் குடுத்தா நான் பரீச்சைக்கே போகமாட்டேன் மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

திங்கட்கிழமை அவளை நீரே கூப்பிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலையுமுன் கையொப்பமிட்டுக் கொடும். முழுப்பேருக்கு மலைக்குப் போகட்டும். இந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவள் காதில் விழ வேண்டாம். ஏன் கையொப்பமிட்டீர்கள் என்று அவள் கேட்டால், மனம் இரங்கியது என்று சொல்லும். நம்பமாட்டாள். ஆயினும் சொல்லும் ஐயா, உம்மைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பொ. அழகையா.