இரண்டு முறை மாற்றிய பிரேக் ஆயில்

ஜூன் 7, சனி

காலையிலிருந்தே புழுதிக் காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங். சுகர் மாத்திரை. வசந்தாவின் குடைக்குக் கம்பி. வண்டிக்குப் பிரேக் ஆயில்.

கடைசியில் எழுதினாலும் அதுதான் முதல் வேலை. நேற்று நம்பர் ஒன் டோல்கேட்டில், வாழைத்தார் கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அழுத்தினேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. பிறகு நின்றது. தாருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

தெரிந்தது. கண்ணில் குறையில்லை.

வசந்தா சீட் பெல்ட்டைப் பிடித்தபடி கேட்டாள்: "பிரேக் ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சுங்க?" இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான்கு ஆகிவிட்டது. ஆகவே ஆயில்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பாலக்கரை. யூசுப் பாய் ஷெட். பாய்க்கு வெள்ளிதான் லீவு. உதவிக்கு இருப்பவர் மணப்பாறையில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"சார், நீங்களே உள்ள உட்காருங்க. நான் சொல்றப்ப அழுத்துங்க, சொல்றப்ப விடுங்க. அவ்வளவுதான்."

பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்தார். டிகாக்‌ஷன் நிறம். புதுசு ஊற்றினார், தேன் மாதிரி. பின் இடது சக்கரத்திலிருந்து ஆரம்பம். சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் வெளியேறும் நிப்பிளில் டியூப், டியூப்பின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள். நான் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார். பெடல் தரை வரை இறங்கும். இறங்கினாலும் காலை எடுக்கக் கூடாது. அவர் மூடிய பிறகுதான் விடலாம். நடுவில் விட்டால் காற்று உள்ளே போய்விடும்.

"அழுத்துங்க... பிடிச்சுக்குங்க... விடுங்க."

இரண்டு சக்கரம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் பாய் கத்தினார்.

"சார், ஏன் விட்டீங்க?"

"விடலையே பாய். பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

எழுந்து வந்து கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். என் வலது கால் பெடலுக்குப் பக்கத்தில், கால்மிதியின் மேல் ஊன்றியிருந்தது. அழுத்திக்கொண்டுதான் இருந்தது. தரையை.

பாய் பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலிலிருந்து செய்தார். பிறகு அவரே ஓட்டிப் பார்த்தார். "பெடல் கல்லு மாதிரி இருக்கு சார்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

கா. 7.40 கிளம்பி, வழியில் வசந்தாவோடு பள்ளியில் வேலை பார்க்கும் மேரி டீச்சரை ஏற்றி, 8.35 லால்குடி. கொள்ளிடம் பாலத்தில் நெரிசல்.

பெடல் பஞ்சு. இன்னும் பஞ்சு.

பாய் சரியாகக் காற்று எடுக்கவில்லை. வேறு என்ன.

ஜூன் 11, புதன்

வசந்தாவை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வராமல் தில்லைநகர்ப் பக்கம் வேறொரு ஷெட். அவளிடம் சொல்லவில்லை. மெக்கானிக் டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது புத்தம் புது ஆயில் சார். இதை ஏன் மாத்தணும்?"

"மாத்துங்க."

"பெடல் நல்லா இருக்கே சார்."

"மாத்துங்கன்னு சொல்றேன்ல."

மாற்றினார். அங்கே ஆட்கள் நிறைய, என்னைப் பெடலில் உட்காரச் சொல்லவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

சாயங்காலம் வரும்போதும் பஞ்சு.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்களாம். தண்ணீர் இங்கே வர இரண்டு மூன்று நாளாகும்.

சீக்கிரமே லால்குடி போய்விட்டேன். பள்ளி வாசலில் புங்க மர நிழலில் வண்டி. என்ஜின் ஓட, கியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா இடது காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து அழுத்தினேன்.

கல்.

வலது காலை வைத்தேன். பஞ்சு. மறுபடி இடது. கல். வலது. பஞ்சு. நான்கு முறை.

பள்ளி விட்டது. பிள்ளைகள் வண்டியைச் சுற்றி ஓடின. ஒருத்தி பானட்டில் கை வைத்துத் தாளம் போட்டுவிட்டுப் போனாள். நான் என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சுகர் வந்து பதினொரு வருடம். கால் கொஞ்சம் மதமதவென்று இருக்கும், ஏசி காற்று என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வீடு வரை ஓட்டித்தான் வந்தேன். வேறு எப்படி வருவது?

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் பாய் போன் செய்தார். தொழுகை முடிந்து வந்திருப்பார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்க அத்தாவுக்கும் சக்கரையில கால் மரத்துப் போச்சு. அடுப்புக் கரியை மிதிச்சு நின்னாரு, அவருக்குத் தெரியல. வாசனை வந்துதான் நாங்க பார்த்தோம்."

"எனக்கு அவ்வளவெல்லாம் இல்ல பாய்."

"அம்மாகிட்ட சொல்லிடுங்க சார். சொல்லாம ஓட்டினீங்கன்னா நான் இந்த வண்டியைத் தொட மாட்டேன்."

கோபம் வந்தது. பாய் மேல் இல்லை.

ஜூன் 14, சனி

ஸ்கூல் லீவு. வண்டிக்கும்.

கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கி மூன்று வருடம். அன்றிலிருந்து என் வேலை இது ஒன்றுதான்: காலையில் கொண்டுபோய் விடுவது, சாயங்காலம் கூட்டி வருவது. நடுவில் இருக்கும் நேரம் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. மேரி டீச்சர் ஒருமுறை யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது: "வசந்தா டீச்சர் வீட்டு சார் இருக்கார், நமக்கென்ன கவலை."

சொன்னால், இரண்டாவது மாடி, இரண்டு அறை, டிவி. அவள் பஸ்ஸில் நசுங்கிப் போவாள், நான் ஜன்னலில் நிற்பேன்.

சொல்லாவிட்டால் டோல்கேட். அந்த ஒரு சாண்.

இரண்டுக்கும் நடுவில் போக ஒரு சந்துகூட இல்லை. இடது காலால் பிரேக் பிடிக்கலாமா என்று யோசித்தேன். கிளட்ச்சை யார் மிதிப்பது.

சாம்பார் நன்றாக இருந்தது. அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

முப்பதிலேயே ஓட்டினேன். மேரி டீச்சர் பின்னாலிருந்து, "சார், பெல் அடிச்சுருவாங்க."

பாலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. கால் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. மேரி டீச்சரின் சாப்பாட்டுப் பை சீட்டுக்குக் கீழே கவிழ்ந்து வண்டி முழுக்க ரசம்.

"ஏங்க ஹேண்ட் பிரேக்?"

"ஆயில் இன்னும் செட் ஆகல."

வசந்தா கணக்கு டீச்சர். ஒரு விடையை ஒத்துக்கொள்ளாதபோது பேசமாட்டாள். லால்குடி வரை பேசவில்லை.

கீழே ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறதா என்று மேரி டீச்சர் எட்டிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, காய்கறிப் பையோடு மாடி ஏறி வந்தேன். பின்னால் வந்த வசந்தா படியிலேயே நின்றாள்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு. வலது கால் வெறும் கால். வண்டியிலிருந்து இரண்டு மாடி அப்படியே ஏறி வந்திருக்கிறேன்.

இறங்கிப் போய் எடுத்து வந்தாள். வண்டிக்குள்ளேயே கிடந்ததாம், பிரேக் பெடலுக்கு அடியில். கையில் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாழைத்தார், பாய், இரண்டாவது ஷெட், இடது கால். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தெரிஞ்ச பிறகும் மூணு நாள் எங்களை ஏத்திக்கிட்டுப் போனீங்க. மேரிக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குங்க."



முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். கையில் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனா, மூடியோடு.

"கண்ணை மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

மூடினேன்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"ம். இப்பத் தெரியுது. கட்டைவிரல்கிட்ட. நல்லாவே தெரியுது."

பேனாவைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் தொடவே இல்லைங்க."

ஜூன் 18, புதன்

காற்று இல்லை. புழுக்கம்.

புத்தூரில் டாக்டர், சனிக்கிழமை காலை. அவளே போன் செய்து நேரம் வாங்கிவிட்டாள். ஆட்டோவில் போகிறோம்.

7.15க்கே கிளம்பி பஸ்ஸுக்குப் போனாள். குடை எடுத்துப் போனாள். மேரி டீச்சருக்கு என்ன சொன்னாளோ.

கார் சாவியையும் கொண்டுபோயிருக்கலாம். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் மாட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் பார்க்க, வேண்டுமென்றேதான்.

மணி 8.20. சாவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.